சாம்பிராணி பிடித்த ஜாக்கெட்

காட்டு விளிம்பில் பெட்டியைத் திறந்த கஜானிக்கு நெஞ்சு பகீரென்றது. ஜாக்கெட் முழுக்கச் சாம்பிராணி வாசம்.

நகரத்து நடுவே ரூ பெர்தொனே தெருவில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்வீட்டில் இருந்துகொண்டு வேட்டைக்குப் போவதென்றால் லேசுப்பட்ட காரியமா? மான் மூக்கை ஏமாற்றுவதற்காகவே வாசமில்லாத சவர்க்காரத்தில் உடுப்புத் துவைத்து, காற்றுப் புகாத பெட்டியில் அடைத்து வைத்திருந்தாள். ஒரு கிழமையாக மீன்குழம்பைத் தொடவில்லை. அம்மா கமலராணிக்கு அதில் பெரிய மனத்தாங்கல். இப்போது பார்த்தால், அதே அம்மாதான் பெட்டியைத் திறந்து சாம்பிராணிப் புகை காட்டியிருக்கிறார். கஜானிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

இன்று வேட்டைக் காலத்தின் கடைசி நாள். இரண்டு வருடமாக அவளுடைய வில்லுக்கு ஒன்றும் விழவில்லை. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் வேட்டைக் குழுவில் அவளுடைய இடத்தை வேறொருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று குழுத்தலைவி மரி-லூயிஸ் சொல்லிவிட்டாள்.

வில் நுனியில் கட்டியிருந்த நூலைப் பார்த்தாள். காற்று இடமிருந்து வலமாக வீசியது. எதிரே மான்கள் வரும் தடம் இரண்டாகப் பிரிந்தது. அவை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல்தான் இரண்டு வருடமும் கோட்டை விட்டாள். சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜாக்கெட்டைக் கழற்றி, வலப்பக்கத் தடத்தின் வாயிலில் ஒரு புதரில் தொங்கவிட்டாள். மெல்லிய சட்டையோடு இரண்டு தடங்களுக்கும் நடுவே பதுங்கி, இடப்பக்கத் தடத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. மாசிக் குளிர் எலும்புவரை இறங்கியது.

மான் வந்தது. வலப்பக்கம் நாலடி வைத்தது, மூக்கைத் தூக்கியது, வெருண்டு திரும்பி இடப்பக்கத் தடத்தில் ஏறியது. கஜானி வில்லை இழுத்தாள். மூச்சைப் பிடித்து நாணை விட்டாள். அம்பு தைத்தது. சற்றுத் தூரம் ஓடி மான் சாய்ந்தது.

துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முதலில் அம்மாவுக்குத்தான் போன் எடுத்தாள். கமலராணி மானைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஜாக்கெட் குளிரைத் தாங்கினதோ, பிள்ளை? ஈரவாடை அடிச்சது, அதுதான் சாம்பிராணி பிடிச்சனான்."

"அது இல்லாட்டி இண்டைக்கு மானே இல்லையம்மா."

"அப்ப ஒவ்வொரு முறையும் பிடிச்சு விடுறன்."

கஜானியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "ஓம் அம்மா, பிடிச்சு விடுங்கோ" என்றாள். போட்டுக்கொள்ள இன்னொரு ஜாக்கெட் வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.