உதாரணத்தில் இருக்கும் அறை

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்குச் சற்று முன், கையேட்டுக்காரியின் சமையலறைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓர் அறை தோன்றியது. இறந்துபோன அவள் கணவர் அதற்குள் உட்கார்ந்து மேசை விசிறியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அங்கே சுவரும், சுவருக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. தொட்டி எங்கே போனது என்று பக்கத்து வீட்டார்கூடக் கேட்கவில்லை.

எல்லாம் அவள் பார்க்கும் வேலையால் வந்தது. மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது அவள் பிழைப்பு. அந்த முறை கைக்கு வந்தது ஏஐ ஏஜெண்டுகளுக்கான கருவி. சொன்ன வேலையைத் தானே வழி கண்டுபிடித்துச் செய்கிற கெட்டிக்கார நிரல்கள்தான் இந்த ஏஜெண்டுகள்; ஆனால் அசல் கோப்புகளுக்குள் விட்டால் ஒன்றைத் திருத்தப்போய் ஒன்பதை உடைத்துவைக்கும். அதனால் இந்தக் கருவி ஒரு தற்காலிக ஃபோல்டரைத் திறந்து, சோதனை முடியும்வரை ஏஜெண்டை அதற்குள் இஷ்டத்துக்கு ஆடவிட்டு, முடிந்ததும் ஃபோல்டரைச் சுவடில்லாமல் துடைத்துவிடும். தான் ஓட்டிப் பார்க்காத கட்டளையைக் கையேட்டுக்காரி எழுதமாட்டாள். அதில் அவளுக்கு ஒரு வீம்பு. உதாரண ஃபோல்டருக்கு ஒரு பெயர் வேண்டும். ‘சோதனை ஒன்று’, ‘சோதனை இரண்டு’ என்று எழுதிச் சலித்தவள், ‘அவர் அறை’ என்று தட்டி ஓட்டினாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், ஸ்பானர்களைப் பரப்பிவைக்கத் தனக்கென்று ஓர் அறை கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது அவள்தான். அறை கட்டுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“அந்தக் குட்டி ஸ்க்ரூ உன் காலுக்குக் கீழ கிடக்குதா பாரு,” என்றார் அவர். அவள் குனிவதற்குள், சோதனை முடிந்தது என்று திரையில் பச்சை எழுத்து வந்தது. சுவர் பழையபடி சுவராகிவிட்டது.

மறுபடி ஓட்டினாள். அப்புறம் ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஃபோல்டர் புதிதாகப் பிறப்பதால் அவருக்குப் போன முறை நடந்த எதுவும் நினைவில் இல்லை. நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று அவள் அழும்போதெல்லாம், “ஏன், நான் எங்க போனேன்?” என்று திடுக்கிடுவார். அதே வீட்டில் இருந்த நாத்தனார், மருந்துக்கடையில் வேலை செய்பவள், ஒருநாள் சீக்கிரம் திரும்பி வந்து அண்ணனைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, “முடி வெட்டிக்கக் கூடாதாண்ணா?” என்று கடிந்துகொண்டதோடு சரி. துடைக்காமல் வைத்திருக்கவும் கருவியில் ஒரு வழி இருந்தது. கையேட்டுக்காரி அதையும் முயன்றாள். அறை மூடவில்லை, ஆனால் சோதனை முடிந்துவிட்டதால், தூக்கிய திருப்புளியும் பாதி திறந்த வாயுமாக அவர் அப்படியே நின்றுபோனார். பொழுது சாயும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இது எங்கண்ணன் இல்ல அண்ணி, அவரோட போட்டோ. தொடச்சு விட்ருங்க,” என்றாள் நாத்தனார். துடைத்தாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதாள்.

அந்தக் கருவி பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விற்கப்படுவது. கையேடு முடிந்ததும் அலுவலகக் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதோடு அவரும் போய்விடுவார். எனவே அவள் காற்புள்ளியை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். “மேடம், நீங்க எழுதுறது கையேடா காவியமா?” என்று மேலாளர் கேட்ட வாரம், இனியும் இழுத்தால் வேலை போய்விடும் என்று தெரிந்து ஒப்படைத்தாள். உதாரணத்தில் பொய்ப் பெயர் போட வேண்டிய இடத்தில் சொந்த வீட்டு விஷயத்தை விட்டுவைப்பது அந்தத் தொழிலில் மானக்கேடு. நாலாம் பக்கத்தில் ‘அவர் அறை’ அப்படியே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் சுவரில் கை வைத்து நின்றாள், சுவர் ஈரமாக இருந்தது.

கருவி வெளிவந்தது. மனிதர்கள் கையேட்டைப் புரட்டுவதில்லை, ஏஜெண்டுகள் வரி விடாமல் படிக்கின்றன. உதாரணத்தை எழுத்து மாறாமல் எடுத்து முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்க்கின்றன. ஒரு காலையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அறை தானாகத் திறந்தது. சற்று நேரத்தில் மூடியது, மறுபடி திறந்தது. எங்கோ எந்த ஊரிலோ யாரோ ஓர் ஏஜெண்ட்.

மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். “நாலாம் பக்கத்துல ‘அவர் அறை’ன்னு இருக்கே, யாருங்க அவர்? தப்பா வந்திருச்சு போல. மாத்திடலாமா?”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பிழையைத் தெரிந்தே விட்டறியாதவள், அறைப் பக்கம் பார்த்தாள். அது அப்போது மூடியிருந்தது.

“தப்பு இல்லைங்க. அது ஓட்டிப் பார்த்த உதாரணம். மாத்தினா மொத்தத்தையும் முதல்லேர்ந்து எழுதணும்.”

இன்னொரு காவியத்துக்கு மேலாளருக்குத் தெம்பில்லை. “அப்படியே இருக்கட்டும்,” என்றார்.

இப்போது அந்தக் கருவி ஓடாத நிறுவனம் இல்லை. ஒரு சோதனை முடியுமுன் இன்னொன்று தொடங்கிவிடுவதால் அறை மூடுவதே அபூர்வம். நாத்தனார் அதைப் பெருக்கும் முறையைத் தனக்கும் அண்ணிக்கும் பங்கு பிரித்துக்கொண்டாள். அவருக்கு மட்டும் இன்றுவரை எதுவும் நினைவில் தங்குவதில்லை. கையேட்டுக்காரி அழுவதை விட்டுவிட்டாள். மடிக்கணினியோடு அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். அவர் விசிறியிலிருந்து தலையை நிமிர்த்தி, “எப்ப வந்த?” என்பார்.

“இப்பத்தான்,” என்பாள். அவர் ஸ்பானர்களை ஒதுக்கி, அவள் கால் நீட்ட இடம் விடுவார்.