ரெண்டு கால் துணி

பதுளையில் வறண்ட கச்சான் காற்று கிளம்பிவிட்டால் பூவம்மாவுக்குப் புடவை எதிரியாகிவிடும். அப்புத்தளைக் குளிரில் வளர்ந்த உடம்பு அது. கல்யாணம் கட்டிப் பள்ளத்துக்கு இறங்கிய நாள் தொட்டு ஒவ்வொரு ஆகஸ்டிலும் வெந்துகொண்டிருந்தது. புடவையோடு படுத்தால் கால் இரண்டும் மூட்டைக்குள் கட்டிவைத்த கோழிகள். நைட்டி போட்டாலோ, விடியுமுன் அது கழுத்துக்கு ஏறி மாலையாகிவிடும். தொண்ணூற்றேழாம் வருஷ வெக்கையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: பருத்தியில், தொளதொளவென்று, நாடா வைத்து ஒரு பைஜாமா தைத்தே தீருவது.

துணிக்குப் பஞ்சமில்லை. மாடியில் வீடு, கீழே புருஷன் லிங்கத்தின் துணிக்கடை. பொடி வெள்ளைப் பூப்போட்ட நீலப் பருத்தி வொயில் துணிக்கட்டு ஒன்று, ஊரெல்லாம் பொலியெஸ்டர் கேட்கிற காலத்தில், அடித்தட்டில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. சீதனமாக வந்த தையல் மெஷினும் சும்மாதான் நின்றது.

"அதுல கால்சட்டையா?" என்றார் லிங்கம். "நானே சாரம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். முதலாளி பொண்டாட்டி கால்சட்டை போட்டா பஜார்ல எவனாச்சும் எனக்குப் பயந்து விலை பேசுவானா?"

"படுக்கையில போடுறத பஜார் எப்படிங்க பாக்கும்?"

"கொடியில காயப் போடுவீல்ல! ஒரு இஞ்சு துணி கெடையாது."

பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். பழைய பேப்பரை ஒட்டிப் பைஜாமாவுக்கு அளவு வெட்டிக்கொடுத்துக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"புருஷன்கிட்டக் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு. நீ கடைக்காரர்கிட்டக் கேளு புள்ள. விடியக்காலையிலயே போய்க் கேளு."

பூவம்மாவுக்குப் பொறி தட்டியது. போணி! அன்றைய முதல் வியாபாரம். முதலில் படியேறுகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்று முழுக்கக் கடை விளங்காது என்பது லிங்கத்தின் அப்பா காலத்துச் சட்டம். முறைத்த கடன்காரனுக்கும், வாய்க்கு வந்த விலை கேட்டவனுக்கும் போணிக்காகவே லிங்கம் துணி கிழித்திருக்கிறார்.

மறுநாள் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்தின கையோடு, கடைக்குள் இறங்கும் உள்படியை விட்டுவிட்டு, பின்படியால் இறங்கித் தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக நுழைந்தாள். உள்படியால் வந்தால் வீட்டுக்காரி. வாசலால் வந்தால் வாடிக்கை.

"வாங்கம்மா," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நிமிர்ந்த லிங்கத்தின் முகம் தொங்கிப்போனது. கடைச் சிப்பந்தி மாரிசாமி துணிக்கட்டின் பின்னால் போய்ச் சிரித்தார்.

"அந்த நீல வொயில்ல துணி வேணுங்க. காசு கொண்டாந்திருக்கேன்."

லிங்கம் ஊதுபத்தியைப் பார்த்தார், சாமிப்படத்தைப் பார்த்தார். தப்ப வழியில்லை. "எதுக்கு?"

"ரெண்டு காலுக்கு."

அவ்வளவுதான். அவர் கண்ணில் வியாபாரி விழித்துக்கொண்டான். "ரெண்டு காலா? பேஷா!" என்று கெஜம் அளக்கும் யார்க்கோலை எடுத்தார். கால் யார் அளந்து சர்ரென்று கிழித்தார். இன்னொரு கால் யார் அளந்து அதையும் கிழித்தார். "இந்தாங்க. ரெண்டு கால்! கிழிச்ச துணி திருப்பி எடுக்க மாட்டோம். போணி முடிஞ்சிருச்சு."

மாரிசாமி இந்த முறை ஒளிந்துகொள்ளாமலே சிரித்தார்.

பூவம்மா கொதித்துக்கொண்டு மாடியேறினாள். ஒரு சாண் உயரத் துண்டுகளை வைத்துப் பொம்மைக்குக்கூடக் கால்சட்டை வராது. மேசையில் விரித்தாள். உயரம்தான் ஒரு சாண். அகலம் முழு அகலம். தன் தொடையைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றி வந்து மிச்சமும் இருந்தது! ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால்? கணுக்காலில் தொடங்கி இடுப்புவரை வீடு கட்டுவதுபோலக் கட்டிவிடலாமே! ஆள் இல்லாத அறையில் அவள் கைதட்டினாள்.

விடிந்ததும் மறுபடி வாசலில் நின்றாள். "ரெண்டு கால் குடுங்க."

அவரே சொல்லிக்கொடுத்த கணக்கு. கிழித்தார்.

ஆனால் அதற்குள் கீழே வேறொரு சங்கதி நடந்திருந்தது. முதல் நாள் பூவம்மா போணி பண்ணிப் போன கொஞ்ச நேரத்தில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வேனோடு வந்து கல்யாணத்துக்குத் துணி அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டாம் நாளும் கடையில் நிற்க இடமில்லை. "அம்மா கைராசிங்க முதலாளி," என்றார் மாரிசாமி. மூன்றாம் நாள் அவள் வரச் சற்றுச் சுணங்கியதும் லிங்கமே மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பூவு! போணிக்கு வரலியா?"

காலையில் துணி, பகலெல்லாம் தையல். சாதாரணமாக மூட்டினால் பிசிர் தொடையில் உராயுமென்று, ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் ஓட்டினாள். கணுக்கால் எழும்பியது. முழங்கால் வந்தது. ரஹ்மத்தும்மா பக்கத்து மாடி மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "அல்லாவே, இது பைஜாமாவா ஏணியா புள்ள?"

"ஏறத்தான போறேன், பாருங்க!"

இன்னும் ஒரு வரிசை ஒட்டினால் இடுப்பு. அது வந்துவிட்டால் பேப்பர் அளவை மேலே வைத்துக் கவட்டு வளைவை வெட்டி, மூட்டி, நாடா கோத்துவிடலாம். கடைசிக் காலைக்குப் பூவம்மா ஓட்டமும் நடையுமாய்த் தெருவைச் சுற்றி வந்தாள். வாசலில் அவளுக்கு எதிரே, தெமோதரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர் வாங்கிய கைக்குட்டையோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

லிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "போணி ஆயிருச்சு. இப்ப நீ வெறும் பொண்டாட்டி. மேல போய் இடியப்பத்தப் பாரு."

பூவம்மாவுக்கு அழுகையே வந்தது. இடுப்பில்லாத பைஜாமாவை மடியில் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பழைய பாவாடையைக் கிழித்து ஒட்டலாமா என்றுகூட நினைத்தாள். கை வரவில்லை.

கீழே வெறும் காற்று வியாபாரம் நடந்தது. தெருப் புழுதி கடைக்குள் வந்து விலை கேட்காமல் போனது. நுழைந்த ஒரே ஆள் சில்லறை மாற்ற வந்தவர். மத்தியானத்துக்குள் லிங்கத்துக்கு வியர்த்துவிட்டது.

மாரிசாமி இரண்டு துண்டு நீல வொயிலோடு உள்படியால் ஏறிவந்தார். "முதலாளி குடுத்துவிட்டாரும்மா. உங்க கையால காசு குடுக்கணுமாம். கெட்ட போணியக் கழிக்கவாம்."

பூவம்மாவின் கை துணிக்குத் தாவியது. பாதிவழியில் நிறுத்திக்கொண்டாள். எதிரே நிற்பவர் அவசரப்படும்போதுதான் விலை பேச வேண்டும் என்பதை இந்த வீட்டில்தானே படித்தாள்!

"கால் கணக்குக்கு இனி நான் வரலன்னு சொல்லுங்க. இதோட மேல்சட்டைக்கும் சேத்து, ஒரே துண்டா, ரெண்டரை யார்."

மாரிசாமி இறங்கினார், ஏறினார். "ஒன்றரை தர்றாராம்."

"ரெண்டரை. அதோட அவரே ஏறி வந்து கையில குடுக்கணும்."

"அய்யோ அம்மா!"

"காத்து நல்லா அடிக்குது மாரிசாமி. கடைக்கு வேற யாரும் வந்தாங்களா?"

சற்று நேரத்தில் படியில் கனத்த காலடி கேட்டது. லிங்கம் துணிக்கட்டையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் வைத்து, காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார். அதன்பிறகு வியாபாரம் நடந்ததா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மெஷின் சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

கடை கட்டும் நேரம் லிங்கம் மாடிக்கு வந்தபோது அவள் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். திட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவர் விரல்கள் பழக்கதோஷத்தில் முழங்கால் பக்கத்துத் துணியைப் பிடித்து உருட்டிப் பார்த்துவிட்டன. தையலைத் தடவினார். குனிந்து இன்னொரு தையலையும் தடவினார்.

"பாத்தியா, ஒரு நூல் பிசகல. கிழிச்ச கை யாரோடது?"

"உங்களோடதுதாங்க! தள்ளுங்க, காத்து வரட்டும்."

மொட்டைமாடிக்குப் போகும் படியில் அவள் கால் வைத்தாள். கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கக் கை தானாகக் கீழே போய், பிடிக்க ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. ஒருமுறை சத்தமாகச் சிரித்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.