முத்துக்கனி நேரில் சொன்னது

முட்டையெல்லாம் எங்கே போகிறது என்று ஷிஜி கேட்டபோது முத்துக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடித்துக்கொண்டிருந்த தேயிலைத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

"எங்க போகும் மக்கா? எங்க வயித்துக்குத்தான் போகும். பின்ன கலெக்டரா வந்து தின்னுட்டுப் போறான்?"

ஷிஜி சிரிக்கவில்லை. அந்தப் பெண் மார்த்தாண்டத்துக்காரி. மணக்குடிக் காயலை ஒட்டிய உப்பளத்தில் இரண்டு கோடையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். அங்கே வரப்பில் கூடு கட்டும் ஒரு பறவையைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. புத்தகத்தில் அதற்குப் பவளக்காலி என்று பெயர். அளத்துப் பெண்கள் குச்சிக்காலி என்பார்கள். சிவந்த நெட்டைக் கால், கறுப்புச் சிறகு, ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற கத்தல். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சேற்று வரப்பில் நாலு குச்சி, அதில் மண் நிறத்து முட்டை. இன்று இருக்கும், நாளை இருக்காது.

ஷிஜி கட்டுரை எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள். பரிசோதித்தவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முட்டைகள் காணாமல் போகின்றன என்றால் போதாது, காரணம் என்ன, அதைச் சொல் என்றார்கள். கட்டுரை அச்சில் வராமல் டாக்டர் பட்டத்துக்கு மனுப் போட முடியாது. வழிகாட்டிப் பேராசிரியரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகும் அரைத்து எடுத்துக்கொண்டு வந்து, அளத்துக் கொட்டகை நிழலில் முத்துக்கனி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

கேட்டவளுக்கு முத்துக்கனி ஒளிக்காமல் சொன்னாள். ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"வைகாசியில பிள்ளையளுக்குப் பொஸ்தகம், உடுப்பு எடுத்தாச்சுன்னா கையில என்ன மிச்சம் இருக்கும்? சோத்துக்குக் கறி கெடையாது. தேயிலை போடுத டப்பாவுலதான் வேக வைப்போம். கொஞ்சம் சேத்து மணம் அடிக்கும். உப்பு மட்டும் வெல குடுத்து வாங்காண்டாம்."

"எல்லாரும் எடுப்பியளாக்கா?"

"எடுக்காதவ ஆரு? தாணம்மா ஒருத்தியே அரைக் கூடை தின்னுவா."

பக்கத்தில் இருந்த தாணம்மாள், "ஏட்டி, எனக்க வயித்தை நீ அளந்து பாத்தியா?" என்று உப்பு இழுக்கும் வாருபலகையை ஓங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் ஷிஜியும் சிரித்தாள்.

அந்தப் பத்திரிகைக்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தில் இல்லாத சேதியை ஒருவர் வாயால் சொல்லி எழுதினால், சொன்னவர் பெயரைப் போட வேண்டும். ஷிஜியும் போட்டாள். முத்துக்கனி, உப்பளத் தொழிலாளி, நேரில் சொன்னது. நல்ல மனதோடுதான் போட்டாள். கோடை முழுக்கத் தண்ணீரும் நிழலும் கொடுத்தவளுக்கு வேறு எப்படி நன்றி சொல்வது?

கட்டுரை வந்ததும் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த பெயரின்மேல் முத்துக்கனியின் விரலைப் பிடித்து வைத்தாள். உப்பில் வெடித்த விரல் அது. தாளில் ஈரம் பட்டுவிடுமே என்று முத்துக்கனி கையை இழுத்துக்கொண்டாள்.

"இது காசு கட்டிப் படிக்கிற பத்திரிகை இல்லக்கா. நெட்டு இருந்தாப் போதும், ஆரு வேணும்னாலும் படிக்கலாம்."

"ஆரு வேணும்னாலுமா?"

"அமெரிக்காவுல இருக்கிறவனும் படிப்பான்."

தாணம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நாங்களுந்தானே தின்னோம். எங்க பேரு எங்க பிள்ளே? மகராணிக்க பேரு மட்டும் கப்பல் ஏறிட்டோ?" என்று இரண்டு நாள் முத்துக்கனியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முத்துக்கனி அந்தத் தாளை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். கண் மங்கி வீட்டோடு கிடந்த புருஷன் ராஜையன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமான பேப்பரு" என்றான்.

அமெரிக்காக்காரன் படித்தானோ இல்லையோ, உள்ளூரில் ஒருவன் படித்தான். நாளிதழில் எழுதுகிறவன். முட்டை தின்னும் உப்பளப் பெண்கள் என்று தலைப்புக் கொடுத்து எழுதிவிட்டான். அதற்கு அடுத்த வாரம் வனத்துறை ஜீப் வந்து அளத்தின் வாசலில் நின்றது. இனி ஒரு முட்டை காணாமல் போனாலும் குத்தகையைப் புதுப்பிக்கும்போது பேச வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குத்தகைக்காரர் சிவதாணு பெண்களைக் கொட்டகை முன்னால் கூட்டி நிறுத்தினார். கையில் அதே கட்டுரை.

"ஆரெல்லாம் தின்னிய?"

அவர் பார்வை தாணம்மாள் மேல் விழுந்தது.

"எனக்கு முட்டையே ஒக்காது மொதலாளி. தின்னா வாயு," என்றாள் தாணம்மாள்.

மற்றவர்களுக்கும் அன்றைக்கு முட்டை ஒக்காமல் போயிற்று. பெயர் இருந்தது ஒருத்திக்குத்தானே. முத்துக்கனி நிமிர்ந்து நின்றாள்.

"நான் தின்னேன் மொதலாளி. பசிச்சுது, தின்னேன்."

"ஏட்டி, தின்னதுக்கு இல்ல நான் கேக்குறது. தின்னு தொலை. அதைப் போயி ஒருத்திகிட்ட சொல்லி, அவ ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லி... நாளைக்கு நீ வராண்டாம்."

மறுநாள் முதல் வேலை இல்லை. உங்களுக்குத் தெரியாததா மக்களே, பிறந்தது முதல் உப்பு வாரிய கைக்கு வேறு தொழில் எங்கே இருக்கிறது? வடசேரியில் பஸ் மாறி ஒரு முந்திரி ஆலைக்குப் போனாள். வெடித்த விரலில் முந்திரித் தோட்டின் பால் பட்டுத் தோல் உரிந்து புண்ணாயிற்று. கூலியில் பாதி பஸ்ஸுக்கே போயிற்று. பத்து நாளில் நின்றுவிட்டாள்.

போன் பண்ணிச் சொன்னதும் ஷிஜி வந்தாள். வாசலிலேயே அழுதாள். முத்துக்கனிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"பத்திரிகைக்கு எழுதினேன்க்கா. பேரை எடுங்கன்னு கெஞ்சி எழுதினேன். ஒருக்க வெளிவந்ததை அழிக்க மாட்டாங்களாம். வேணும்னா திருத்தம்னு தனியா ஒண்ணு போடுவாங்களாம்."

"அது போதுமே."

"அதுல எந்தப் பேரை எங்கருந்து எடுத்தோம்னு வெளக்கமாச் சொல்லணுமாம்."

"அப்போ எனக்க பேரை எடுத்தாச்சுன்னு எனக்க பேரைப் போட்டே எழுதுவானுவளா?"

"ஓ, அப்பிடித்தான்க்கா."

"அதையும் ஆரு வேணும்னாலும் படிக்கலாம்."

ஷிஜி தண்ணீர்த் தம்ளரை எடுத்துக் குடித்தாள்.

"செரி மக்கா, அப்பிடின்னா ஒண்ணு செய். அந்தப் பொம்பளை பொய் சொல்லிப்போட்டான்னு எழுது. கிறுக்கின்னு எழுது. எனக்கு அதுல ஒரு கொறைச்சலும் இல்ல. சிவதாணு அதைப் படிச்சா என்னத் திரும்ப எடுப்பாரு."

"அப்பிடி எழுதினா கட்டுரையே நிக்காதுக்கா. வாபஸ் வாங்கணும். அது போச்சுன்னா..."

அவள் முடிக்கவில்லை. டாக்டர் பட்டத்துக்கு அந்த மாதந்தான் மனுப் போட்டிருந்தாள் என்பது முத்துக்கனிக்குத் தெரியும். ராஜையன் உள்ளே இருமினான். ஷிஜி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று முத்துக்கனி காத்திருந்து பார்த்தாள்.

"சவத்த விடு," என்றாள் கடைசியில். "கடைசி பஸ்ஸு போயிரும். எழும்பு."

அடுத்த கோடையில் சிவதாணுவே ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"கூடு இருந்தாத்தானே முட்டை. முட்டை இருந்தாத்தானே ஜீப்பு. வெளங்குதா? விடியக்கால வரப்பெல்லாம் பலகை போட்டு இழுத்து நெரத்திரணும். ஒரு குச்சி கெடக்கப்படாது."

"இருக்கிற முட்டையை என்ன செய்யணும் மொதலாளி?"

"முட்டை எங்க இருக்கு?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒனக்க டாக்டரம்மா எப்பிடியும் வருவா. உன்கிட்டத்தான் கேப்பா. உன்னால கெட்ட பேரு உன்னாலயே மாறணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன், கேட்டியா?"

முத்துக்கனி வாருபலகையை எடுத்தாள். முதல் நாள் இழுத்தபோது குச்சிக்காலிகள் தலைக்குமேல் வட்டம் போட்டுக் கத்தின. ஒன்று அவள் முந்தானையை உரசிக்கொண்டு போயிற்று. பசிக்குத் தின்ற நாளில்கூட ஒரு கூட்டில் ஒன்றிரண்டை விட்டுவைப்பார்கள். இப்போது முழுவதும் பலகைக்கடியில் நொறுங்கி மண்ணோடு மண்ணாயிற்று. தாணம்மாள் பக்கத்து வரப்பில் இழுத்துக்கொண்டே, "பாக்காத இழுடி, பாக்காத இழு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷிஜி வந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் வேலை. இரண்டாவது கட்டுரைக்கு வந்திருந்தாள். வெயில் ஏறும்வரை வரப்பு வரப்பாக நடந்துவிட்டு முத்துக்கனியிடம் வந்து நின்றாள். மடையடியில் சிவதாணு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒரு கூடுகூட இல்லியேக்கா. என்ன ஆச்சு?"

"காக்கா," என்றாள் முத்துக்கனி.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கூட்டமா வருது. மனுசங்க ஆரும் தொடல்ல. நாங்க தின்னோம்னு முன்ன நான் சொன்னதும் சும்மா வெளையாட்டுக்குத்தான்."

ஷிஜி குனிந்து பார்த்தாள். இழுத்து நிரத்திய வரப்பு தேய்த்த தரை மாதிரி வழவழவென்று கிடந்தது. முத்துக்கனியின் பலகை விளிம்பில் முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று, மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷிஜியின் கண் அதில் நின்றது. முத்துக்கனி பலகையை மறைக்கவில்லை. கேட்கட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஷிஜி பேனாவை எடுத்தாள்.

"காக்கான்னு எழுதிக்கிடுதேன். பயப்படாதீங்கக்கா, இந்தத் தடவை பேரு போடமாட்டேன். சத்தியமா."

"போடணும்," என்றாள் முத்துக்கனி. மடையடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "பேரு போடணும் மக்கா. ஊரும் சேத்துப் போடு."

ஷிஜி எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு முத்துக்கனி அடுத்த வரப்புக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள்.