பழத்தோட்டத்து டிராக்டரும் இரண்டு மட்கார்டுகளும்

பத்திரிகையில் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பழைய டிராக்டர் ஒன்று ஏலத்தில் ஒரு வீட்டின் விலைக்குப் போனது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஏலம் நடந்தது அவள் வேலை பார்க்கும் கூடத்தில். வண்டிக்கு மதிப்புப் போட்டவளும் அவள்தான். மறுநாள் காலையில் அலுவலக வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேர் கையிலும் துருப்பிடித்த ஏதோ ஒன்றின் புகைப்படம்.

ஏல வேலைக்கு வருமுன் டிராக்டர் உதிரி பாகக் கடையில் பதினெட்டு வருடம் நின்றவள் அவள். எந்த வண்டிக்கு எந்த போல்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். பார்ட்ஸ் அக்கா என்ற பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. வந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொன்னாள். "பழசா இருந்தா மட்டும் விலை வராதுங்க. உங்க வண்டி மாதிரி லட்சக்கணக்குல செஞ்சிருக்காங்க. ஏலத்துல போனது நூறுதான் செஞ்சாங்க. அதுலயும் மிச்சம் இருக்கிறது பத்தோ பன்னெண்டோ. எல்லாப் பாகமும் கம்பெனியில போட்டதாவே இருக்கணும். அதுக்கு மேல, அதையே வேணும்னு பிடிவாதம் பிடிக்கிற ஆளு ரெண்டு பேராவது ஏலத்துல உக்காந்திருக்கணும்." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "சரி, என்னோடது எவ்வளவு போகும்?" என்றார்கள்.

தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கும்போது எட்டாவது ஆளாக அவளுடைய அண்ணன் வந்தான்.

"அப்பா வண்டி இருக்குல்ல," என்றான், உட்காருவதற்கு முன்பே. "அதே கம்பெனி, அதே சிவப்பு. நான் மனசுல ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"கணக்கைக் கலைச்சிடு அண்ணா. சிவப்பா இருக்கிறதெல்லாம் அது ஆகாது."

"பாக்காமலே சொல்ற பாத்தியா. ஊரான் வண்டின்னா நாலு மணி நேரம் பாக்கிற."

எரிச்சலோடுதான், படம் இருந்த அவன் போனைக் கையில் வாங்கினாள். வண்டியின் முகப்புக்கு மேலே ஏதோ குறைந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"புகைக்குழாய் எங்க?"

"அடியில போகுது. அந்த வண்டியில எப்பவுமே அப்படித்தான்."

"சீட்டு தாழ்வா இருக்குமா?"

"இருக்கும். நாள் பூரா ஓட்டினா முட்டி வாய்க்கு வந்துடும்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கம்பெனி வண்டியில் பழத்தோட்டத்துக்கென்று தனியாக ஒரு ரகம் செய்தார்கள். கிளைகளில் மாட்டாமல் மரங்களுக்கு அடியில் நுழைந்து போக, எல்லாமே தாழ்வாக இருக்கும். பின்சக்கரங்களை முழுக்க மூடும் பெரிய மட்கார்டுகள் உண்டு. கிளைகள் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அப்பா அதை யாரோ தோட்டக்காரரிடம் வாங்கினார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மதியமே போனாள். கொட்டகையில் வண்டி நின்றது. எஞ்சின் பக்கத்துத் தகட்டை விரலால் தேய்த்தாள். எண்ணுக்குக் கடைசியில் அந்த ரகத்துக்கான எழுத்து இருந்தது. ஆனால் சக்கரங்கள் மொட்டையாக நின்றன.

"மட்கார்டு எங்க அண்ணா?"

"அதுவா. ஒரே சேறு அடைக்கும், சக்கரமும் கண்ணுக்குத் தெரியாது. வந்த வருஷமே கழட்டிட்டேன்."

"கழட்டி?"

அண்ணி பின்வாசலிலிருந்து சொன்னாள். "ஒண்ணு கோழிக்கூட்டுக்குக் கூரை. இன்னொண்ணு மாட்டுக்குத் தண்ணித் தொட்டி. ஓட்டையெல்லாம் தார் வச்சு அடைச்சேன், ஒரு சொட்டு ஒழுகாது."

இரண்டும் இருந்தன. நசுங்கி, எச்சம் படிந்து, அங்கங்கே பழைய சிவப்பு தெரிய, இரண்டுமே இருந்தன. "அண்ணா, நல்லாக் கேட்டுக்கோ. எல்லாரும் உன்னை மாதிரி கழட்டித் தூக்கிப் போட்டதாலதான் இந்த மட்கார்டுக்கே விலை. வண்டி கிடைக்கும், இது கிடைக்காது. ஒரு பல் டாக்டர் நாலு வருஷமா இதைத் தேடிக்கிட்டு இருக்கார். அடுத்த ஏலத்துல வச்சிடலாம். அதுவரைக்கும் வண்டியைத் தொடாத. கழுவக்கூடக் கூடாது."

"சரி சரி," என்றான் அண்ணன்.

பத்து நாள் கழித்து, ஏலப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போனாள். கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் புத்தம் புது மட்கார்டுகள், முகம் பார்க்கலாம் போல மின்னின.

"எப்படி?" என்றான் அண்ணன். "நம்ம வெல்டர் செஞ்சது. அளவு மயிரிழை பிசகலை."

"பழசு?"

"இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன். அந்த நசுங்கலைப் பாத்தா எவன் வாங்குவான்?"

"தொடாதன்னு சொன்னேன்ல?"

"வண்டியைத் தொடாதன்னுதானே சொன்ன. வண்டியை நான் தொடலையே."

அண்ணி கூரையில்லாத கோழிக்கூட்டின் மேல் சாக்கை விரித்துக்கொண்டே, "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். என் பேச்சு எங்க எடுபடுது," என்றாள்.

அண்ணனை ஏற்றிக்கொண்டு இரும்புக் கடைக்குக் காரை விரட்டினாள். கடைக்காரர் நோட்டைப் புரட்டவே இல்லை. நேற்றுக் காலையே லாரி உலைக்குப் போய்விட்டது என்றார். உலைக்குப் போன் போட்டுக் கேட்டாள். எடுத்தவன், "அதெல்லாம் உருகிப்போச்சுங்க," என்று சிரித்தான்.

திரும்பும் வழியெல்லாம் அண்ணன் வெளியே பார்த்தபடி வந்தான். வீடு நெருங்கும்போது சொன்னான். "புதுசுன்னு நீ எழுதாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது? பத்து நாள் மழையில போட்டா அதுவும் பழசாயிடும்."

"அண்ணா, பழைய மட்கார்டுல ஓரம் மடிச்சு அடிச்சிருக்கும். இதுல வெல்டிங். அந்த விலை குடுக்கிறவன் முதல்ல குனிஞ்சு அதைத்தான் பாப்பான்."

"அவன் பாக்கலன்னா?"

"நான் பாத்துட்டேனே."

"கூடப்பொறந்தவனுக்காக ஒரு வரி விட முடியாது உன்னால." அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

அன்று அலுவலகத்தில் அந்த ஒரு வரியை எழுத அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். 'பின்சக்கர மட்கார்டுகள் இரண்டும் புதிதாகச் செய்தவை.' பதினெட்டு வருடம் கடையில் நின்றபோது போலிப் பாகத்தை அசல் என்று அவள் ஒருமுறைகூட விற்றதில்லை. அதை நினைத்தால் பெருமை வரவேண்டும். வரவில்லை. அப்பா சும்மா வாங்கிப்போட்ட வண்டிக்கு உண்மையிலேயே ஒரு நேரம் வந்தது. அதைக் கோழியும் மாடும் இருபது வருடம் பத்திரமாகக் காப்பாற்றின, அண்ணன் பத்து நாளில் தொலைத்தான்.

ஏலத்தன்று பல் டாக்டர் வந்தார். குனிந்து மட்கார்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் போட்டி போட்டவர்கள் ஒரு பேக்கரிக்காரரும் இன்னொருவரும்தான். சத்தம் போடாமல் ஏறிய விலை ஓரிடத்தில் நின்றது. மூன்று முறை கூப்பிட்டார்கள். சாதாரண டிராக்டருக்குக் கிடைப்பதைவிட மூன்று மடங்கு. மட்கார்டு இருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்கு. அண்ணன் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

பேக்கரிக்காரருக்கு வண்டியைக் கிளப்பத் தெரியவில்லை. இரண்டு தடவை முக்கி நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு வண்டியிடம் போனான்.

"முதல்ல இந்தப் பிடியைப் பாதிதான் இழுக்கணும்," என்று அவருக்குக் காட்டினான். "குளிர்நாள்ல முழுசா. மூணாவது கியர் மாட்டலன்னா அதட்டாதீங்க, கொஞ்சம் பின்னால விட்டு முன்னால வாங்க." எஞ்சின் பிடித்துக்கொண்டது. லாரியின் சரிவுப் பலகையில் அவனே ஓட்டி ஏற்றினான். முட்டி நெஞ்சை இடிக்க, குனிந்து உட்கார்ந்திருந்தான்.

இறங்கி அவளிடம் வந்தான். முகத்தில் கோபம் குறையவே இல்லை.

"கையெழுத்து எங்க போடணும்?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். போட்டுவிட்டு, பேனாவை மேசையில் வைத்தான்.

"அண்ணிக்கிட்ட, நாளைக்கு வர்றேன்னு சொல்லு," என்றாள்.

"நீயே போன் பண்ணிச் சொல்லு," என்றான் அண்ணன்.