நிலையின் வலப்பக்கம்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. அன்ட்வெர்ப்பில் என் மேல்வீட்டுக்காரர் அஸ்ரியேல். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை கையில் சூப் வாளியோடு இறங்கி வந்தவர், "வீட்டை இன்னும் விடமாட்டேங்கறாங்க" என்றார். ஏதோ வாடகைத் தகராறு என்று நினைத்து, "நல்ல வக்கீலாப் பாருங்க" என்றேன்.

அவர் சொன்னது மனைவி மிந்தலை. யூதர்களிடம் மனைவிக்கு வீடு என்றும் ஒரு பெயர் உண்டு. "வீட்ல உடம்பு சரியில்ல" என்று லீவு கேட்கிற ஊரில் பிறந்த எனக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

2

முதல் வரி: "அன்ட்வெர்ப்பில் மழை பெய்துகொண்டிருந்தது." இந்த ஊரில் பெய்யாவிட்டால்தான் சேதி. அடித்தாயிற்று.

இன்னொன்று: "மிந்தலின் வலக்கையிலிருந்து கரண்டி நழுவிய அன்று அஸ்ரியேல்..."

இதுவும் வேண்டாம். அந்த நாளைப் பற்றி அவர் பேசுவதில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். மிந்தலுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. ஊரோரத்துப் பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். இனி மூன்று மாடி ஏறமாட்டாள் என்று டாக்டர் சொன்னதை அஸ்ரியேல் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

3

(மெசூசா: வேதவரிகள் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்த சிறு கூடு. உள்ளே நுழையும்போது வலப்பக்கம் வரும் கதவுநிலையில் பதிப்பது. வாடகைக்குப் புகுந்த இடம் முப்பது நாள்வரை வெறும் தங்கல். அதற்கு மேல் இருந்தால் அது வீடு, மெசூசா வேண்டும்.)

அஸ்ரியேல் என்ன செய்தார் தெரியுமா? முப்பது ஆவதற்குள் மிந்தலை டாக்சியில் ஏற்றி, மகளின் தரைத்தள வீட்டில் ஒரு சனிக்கிழமை ஓய்வுநாளைக் கழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. இப்படியே வசந்தம் போய்க் கோடையும் வந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. கடவுளுக்கே அல்வா கொடுக்கிற ஆள் என் கதைக்குத் தேவையா? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு புரிந்தது, அவருக்குப் பயம். அந்த நிலையில் ஆணி இறங்கிவிட்டால் அவள் திரும்பி வரமாட்டாள், மூன்றாவது மாடியில் தான் மட்டும்தான். பயந்தவனைக் கதையிலிருந்து துரத்த எனக்கு மனம் வரவில்லை.

4

இந்தமுறை டாக்சி வந்து நின்றது. மிந்தல் தன் அறையிலேயே சக்கர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல. போன தடவையே இடுப்பு விட்டுப்போச்சு."

"ஒரே ஒரு ராத்திரி, மிந்தல்."

"யோவ் அஸ்ரியேல், என்னை எதுக்கு ஊறுகாய் ஜாடி மாதிரி வெளிய தூக்கி வச்சு உள்ள தூக்கி வைக்கறே? தெரியாதுன்னு நெனச்சியா?"

அவர் சுவரைப் பார்த்தார். "இங்க ரொட்டிக்குத் தொட்டுக்க உப்புகூடத் தரமாட்டாங்க. இது எப்படி வீடாகும்?"

(தங்கள் பழைய கோயில் இடிந்தபின் சாப்பாட்டு மேசையையே பலிபீடமாக்கிக்கொண்ட சனம் அவர்கள். பலிக்கு உப்பு வேண்டும், அதனால் ரொட்டிக்கும் வேண்டும்.)

"உன் சூப்புல நீ போட்ட உப்புலதான்யா நான் இங்க வந்து படுத்திருக்கேன்!"

சிரித்தது அவள் மட்டும்தான். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மெசூசாவை எடுத்தாள். மகளிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். சுத்தியல், இல்லத்துத் தச்சரிடம் இரவல்.

"நான் அடிக்கமாட்டேன்" என்றார் அஸ்ரியேல்.

"உன்னை யார் அடிக்கச் சொன்னா? குடியிருக்கறவங்கதான் அடிக்கணும். இங்க குடியிருக்கறது நான். நீ வந்து போற ஆளு. பிடிச்சுக்க மட்டும் செய்."

வந்து போகிற ஆள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் இதைச் சொல்ல அவளுக்கும் வலித்திருக்கும். எழுதும்போது எனக்கே வலித்தது.

5

மிந்தல் எழுந்து நடப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அந்த டாக்டர் படித்தால் சிரிப்பார். அஸ்ரியேல் பெட்டியோடு இந்த அறைக்கே குடிவருவதாக இன்னொன்று. நல்ல முடிவுதான், ஆனால் கட்டில் ஒன்று.

இவ்வளவு மட்டும் எனக்கு நிச்சயம். அவர் கூட்டை நிலையில் சாய்வாக வைத்து, ஆணியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். மிந்தல் இடதுகையில் சுத்தியலைத் தூக்கி, மெசூசா பதிக்கச் சொன்ன கடவுளைப் போற்றும் துதியைச் சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டாள். இனி முதல் அடி விழும்வரை அவள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அது முறை. துதியைக் காதால் கேட்டவர்கள் ஆமென் சொல்ல வேண்டும், அதுவும் முறை. சொன்னால் ஒப்புக்கொண்டதாகும். இது வீடு, அவள் இனி இங்கேதான்.

அவர் இன்னும் ஆமென் சொல்லவில்லை. அவளால் ஒற்றைக் கையில் சுத்தியலை அதிக நேரம் தூக்கிப் பிடிக்க முடியாது. என்னால் அவர் வாயில் அந்தச் சொல்லை வைக்க முடியவில்லை.

துதியை நீங்களும்தான் கேட்டீர்கள்.