முழங்காலில் நின்றவள்

சாயங்காலம் ராதாபுரத்து அணியோடு கால்பந்து இறுதி ஆட்டம். நேற்று வரை குதிரையாக ஓடிய ஜெபகனி, இடுப்பு வலி என்று இந்த நேரம் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள். அணித்தலைவி ரீபாவுக்கு மனசு ஒப்பவில்லை. எதிரணியில் கோல் அடிப்பவள் ஜெபகனியின் பெரியம்மா மகளாயிற்றே.

காலையில் கோயிலில் ஜெபத்துக்கு எல்லாரும் முழங்காலிட்டபோது ஜெபகனியும் முதுகு வளையாமல் முழங்காலில் நின்றாள். ரீபா கண்ணை மூடவே இல்லை. பிரசங்கம் தொடங்கி, சபை முழுக்க பெஞ்சில் அமர்ந்த பிறகும் ஜெபகனி எழுந்திருக்கவில்லை. வலிக்காரி செய்கிற காரியமா இது?

வெளியே வந்ததும் ரீபா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அவ்வளவு நேரம் முட்டு போட்டு நிக்கே. வலியெல்லாம் அக்காளுக்காகத்தானா?"

"உக்காந்தாத்தான் உயிர் போவுது. முட்டு போட்டா கொஞ்சம் தேவல."

"அப்ப பிளாங்க் போடு, பாப்போம்."

வேப்பமரத்தடியில் துப்பட்டாவை விரித்து, முழங்கைகளை ஊன்றி ஜெபகனி உடம்பைப் பலகைபோல் தூக்கினாள். மூச்சு விடுவதற்குள் இடுப்பு தொய்ந்தது. ரீபா அடியில் கை கொடுத்துப் பார்த்தாள். வயிறு வெடவெடவென்று நடுங்கியது. அப்படி நடிக்க யாராலும் ஆகாது. ஆற்று மணலில் ஓடி ஓடிக் கால்களை மட்டும் இரும்பாக்கியிருந்தார்கள்; இடுப்பைத் தாங்க வயிற்றில் வலு ஏறவில்லை. வயிற்றுக்கும் முதுகுக்குமான இந்தப் பயிற்சி வரும்போதெல்லாம் "போதும் சார்" என்று முதலில் படுத்தது ரீபாதான். பின்னாலேயே மற்றவர்களும் படுத்தார்கள்.

"பைய எந்திரிட்டி. நீ ஆட வேண்டாம், வெளிய உக்காந்து பாரு."

"உக்காரவா?"

ரீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, முட்டு போட்டு எங்களுக்காக ஜெபம் பண்ணு. ஒங்க அக்காளுக்குப் பண்ணீராத."