ஹெப்சியின் பையில் ஒரு நோட்டு

கோர்ட்டில் கவுன்சலர் அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னார். நேரில் பேசினால் சண்டை வருகிறதா, ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள் என்று. விவாகரத்துக் கேஸ் முடியும்வரை ஹெப்சி வாரநாளெல்லாம் என்னோடு. சனி, ஞாயிறு காட்டாங்குளத்தூரில் அவள் அப்பா ஷெர்வினோடு. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் வைத்துக் கைமாற்றுவோம். ஆறு வயதுப் பிள்ளை, பாவம், எங்களுக்குத் தபால்காரி ஆகிவிட்டாள்.

ஷெர்வின் எழுதுவதைப் பார்க்க வேண்டுமே. ‘எட்டரைக்குத் தூங்கினாள். பால் குடித்தாள். ஜெபம் சொன்னாள்.’ ஒன்றாக இருந்த காலத்தில் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் ஆற்றிக் கொடுக்காத மனுஷன். எனக்குச் சந்தேகம் தட்டியது. இது எனக்காக எழுதுவதல்ல, ஜட்ஜுக்காக எழுதுவது.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? நோட்டை ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் தோத்தாத்ரி அதைப் புரட்டிப் பார்த்தார்.

“போன ஞாயித்துக்கிழமை சாரும் இதே நோட்டைக் கொண்டாந்தாரே மேடம். எல்லாப் பக்கமும் ரெண்டு காப்பி.”

எனக்கும் ரெண்டு காப்பி போடச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வரியையும் ஷெர்வினுடைய வக்கீல் படிப்பார் என்று நினைத்தே எழுதினேன். டிசம்பரில் ஒரு புதன்கிழமை ஹெப்சிக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் நெபுலைசர் வைத்துவிட்டு, தூசிப் பக்கம் விடாதீர்கள் என்றார். எழுதினால் அம்மா சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பார்கள். ‘நன்றாக இருக்கிறாள்’ என்று எழுதி அனுப்பினேன்.

சனி மத்தியானம் ஷெர்வின் போன் செய்தார், ஹெப்சிக்கு மூச்சு இழுக்கிறது என்று. பரணிலிருந்து கிறிஸ்மஸ் குடில் பெட்டியை இறக்கி, அப்பாவும் மகளுமாகத் தூசி தட்டியிருக்கிறார்கள். பொத்தேரியில் ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். பிள்ளை முகத்தில் மாஸ்க் போட்டிருந்தது.

இதற்கு முன்னால் இப்படி வந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். ஷெர்வின் அவசரமாக நோட்டைப் பிரித்து, இல்லை டாக்டர், புதன்கிழமைகூட நன்றாக இருந்திருக்கிறாள் என்று என் எழுத்தையே வாசித்தார்.

வாயைத் திறந்தால் பிள்ளை என் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். ஹெப்சியின் விலா ஒட்டி ஒட்டி எழுந்தது.

“புதன்கிழமையே இழுத்துச்சு டாக்டர். நெபுலைசர் வெச்சோம். நான்தான் எழுதலை.”

இப்போது பாய்வார் என்று காத்திருந்தேன். ஷெர்வின் நோட்டை மூடினார்.

“போன மாசம் எங்கிட்ட இருந்தப்பவும் ரெண்டு தடவை வந்துச்சு ஜெரூ. நீ கோர்ட்ல காட்டுவேன்னு நானும் எழுதலை.”

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கூசிப்போயிற்று.

பிள்ளை தூங்கியதும் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து, விட்டுப்போன மூன்று தடவைகளையும் தேதி போட்டு எழுதினோம், மருந்துப் பெயரோடு. மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டில் பிள்ளை நோட்டோடு என்னிடம் வந்தாள். தோத்தாத்ரி கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சார் இன்றைக்கும் காப்பி எடுக்க வந்தாரா என்று கேட்க வாய்வரை வந்தது. ஹெப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நடந்தேன்.